தறிச் சத்தமும் சம்பளச் சீட்டும்

காஞ்சிபுரம் பக்கத்து முசரவாக்கம் மாதிரி நெசவு ஊர்களில் ஒரு காலத்தில் ஒருவனுடைய வருமானத்தைத் தெரிந்துகொள்ள வக்கீல் வேண்டியதில்லை. தறிச் சத்தம் போதும். சத்தம் நின்றால் ஒன்று பாவு தீர்ந்திருக்கும், இல்லை வீட்டில் சண்டை.

கோர்வைக் கரை வைத்த பட்டுப் புடவைக்கு ஒரு ஆள் பத்தாது. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேறு நாடா. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள இன்னொரு கை வேண்டும். பல வீடுகளில் அது மனைவியின் கையோ பிள்ளையின் கையோதான். நாடாவுக்குத் தார் நூல் சுற்றுவதும் மனைவிதான். மாதத்துக்கு எத்தனை புடவை இறங்கியது, முன்பணம் போகக் கைக்கு வந்த கூலி எவ்வளவு என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அவள் குழந்தையோடு தாய்வீடு போய் ஜீவனாம்சம் கேட்டால், "கரை போட ஆளில்லை, கூலி எங்கிருந்து வரும்?" என்பான் அவன். பாதி உண்மை. பஞ்சாயத்தில் அந்தப் பாதி நன்றாகவே எடுபட்டது.

கோர்ட்டுக்குப் போனாலும் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஜீவனாம்சத்துக்கு மாதம் 500 ரூபாய் என்ற உச்சவரம்பு 1955இல் வந்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவும் அதையே வைத்துக்கொண்டது. அந்த ஐந்நூறு மனைவி, மக்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் என்று ஒரு ராணுவ கேப்டன் உச்ச நீதிமன்றம் வரை வாதாடினார். 1978இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், அது தலைக்கு ஐந்நூறு என்று தீர்த்துவைத்தார். அரிசி விலை எத்தனையோ முறை ஏறியது. மத்தியச் சட்டத்தில் இந்த எண் 2001 செப்டம்பர் வரை அசையவில்லை. அந்த மாதம் வந்த திருத்தம் வரம்பை எடுத்துவிட்டு, வழக்கு நடக்கும்போதே கொடுக்கவேண்டிய இடைக்காலத் தொகையையும் சட்டத்தில் எழுதிவைத்தது.

இன்று காஞ்சிபுரத்துச் சுற்றுவட்டாரத்துப் பையன்கள் பலர் ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். சம்பளச் சீட்டு இருக்கிறது, ஓவர்டைம் தனி. ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது; பல சமயம் மனைவிக்கே தெரியாது. அதனால்தான் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம், இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாண வாக்குமூலமாகத் தரவேண்டும் என்றது. மனுப் போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் என்றும் சொன்னது. என்னைக் கேட்டால் வாய்தா வாங்கியே காலத்தை ஓட்டுகிறவர்களுக்கு விழுந்த நல்ல அடி இதுதான்.

விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே தொகையை மாற்றலாம். இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, பிள்ளைகளுக்கான இடைக்கால உத்தரவை அவ்வப்போது திருத்த இடம் தருகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கான 125, தொகையை மாற்றுவதற்கான 127 ஆகிய பழைய பிரிவுகள், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டத்தில் 144, 146 என்று எண் மாறியிருக்கின்றன. பெண் ஆறாம் வகுப்புக்குப் போனாள், வேன் கட்டணம் ஏறியது என்று தாய் கூட்டிக் கேட்கலாம். ஒப்பந்த வேலை போயிற்று என்று தகப்பன் குறைக்கவும் கேட்கலாம். யார் கேட்டாலும் காகிதம் வேண்டும்.

இன்னும் தறியில் உட்கார்ந்திருப்பவன் வழக்கில்தான் சிக்கல். முதலாளி கையில் கொடுக்கும் கூலிக்கு ஏது சீட்டு? புடவைக் கணக்கை விரல்விட்டுச் சொல்கிறாள் மனைவி. கேட்டுக்கொண்டே வழக்குக் கட்டை அவிழ்த்த வக்கீல் குமாஸ்தா, "அதெல்லாம் சரிம்மா, அடுத்த வாய்தாவுக்கு ஸ்கூல் பீஸ் ரசீதை மறக்காம எடுத்துட்டு வா" என்கிறார்.