வட்டமல்லாத துளைகள்

வைஃபை ரவுட்டருக்குப் பின்னால் அடாப்டரின் முனையைச் செருகும் கறுப்பு ஜாக்கின் கால்கள் பெரும்பாலும் தட்டையான தகடுகளாக இருக்கும். ஏறக்குறைய 3 மி.மீ. அகலமுள்ள அந்தத் தகட்டைச் சர்க்யூட் போர்டில் இறக்க வட்டத் துளை போட்டால், 3.2 மி.மீ. விட்டமாவது வேண்டும். அதன் பரப்பு 8 சதுர மி.மீ. ஆனால் 3.2 மி.மீ. நீளமும் 1 மி.மீ. அகலமும் உள்ள ஒரு நீள்துளைக்கு 3 சதுர மி.மீ. போதும். பெரிய வட்டத்தில் தகட்டின் இருபுறமும் வெற்றிடம். உருகிய ஈயம் அங்கே நிற்காமல் அடியில் வழிந்துவிடும். பிளக்கைச் செருகிப் பிடுங்கும் விசையைத் தாங்க வேண்டிய கால் அது.

போர்டு வரைய உதவும் மென்பொருள்களில் நீள்துளை எளிதில் இடம்பெறவில்லை. ஈகிள் மென்பொருளில் நெடுங்காலம் அதற்கெனத் தனி வசதி இருக்கவில்லை. அரவை அடுக்கில் கோடு போட்டுக் காட்டுவார்கள். துளையின் சுவரில் செம்பு பூச வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தக் கோடு சொல்லாது. 1992இல் பிரான்சில் ஜான்-பியர் ஷராஸ் தொடங்கிய கீகேட் என்னும் இலவச மென்பொருளில் இந்த வசதி நேராக இருக்கிறது. காலை ஈயத்தால் ஒட்டும் திட்டான பேடின் பண்புகளில் துளை வடிவத்தை நீள்வட்டம் என்று மாற்றி, நீளத்தையும் அகலத்தையும் கொடுத்தால் போதும். செம்பு பூசும் பேடா, பூசாத பேடா என்பதையும் அங்கேயே தேர்ந்துவிடலாம்.

சதுரத் துளை கேட்டால் கிடைக்காது. சுழலும் கருவி வட்டத்தைத்தான் வெட்டும், 1 மி.மீ. கருவி ஒவ்வொரு மூலையிலும் அரை மி.மீ. ஆரமுள்ள வளைவை விட்டுச்செல்லும். ஆகவே நீள்துளையின் இரு முனைகளும் அரைவட்டமாகவே அமையும்.

துளையிடும் எந்திரத்துக்காக மென்பொருள் எழுதித் தரும் எக்செலான் கோப்பில் நீள்துளையை இரண்டு விதமாகச் சொல்லலாம். கருவியைப் போர்டுக்குள் இறக்கி, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நகர்த்தி அரைப்பது ஒன்று. ஜி85 என்ற கட்டளையால் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் துளைகளை வரிசையாக இடுவது மற்றொன்று. இரண்டாவதில்தான் சிக்கல். தோண்டிய குழியை ஒட்டிக் கடப்பாறை போட்டால் அது குழிப்பக்கம் சரிவதைப்போல, மெல்லிய டிரில் முனை முந்தைய துளையின் வெற்றிடத்துக்குள் இழுபடும். நீள்துளை கோணலாகிவிடும், முனை முறியவும் கூடும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் நீளம் அகலத்தைப்போல் இரு மடங்காவது இருக்கட்டும் என்கிறார்கள்.

செம்பு பூச வேண்டிய நீள்துளையை மின்பூச்சுக்கு முன்பே வெட்டியாக வேண்டும். போர்டின் வெளிவிளிம்பை அரைப்பது கடைசிக் கட்ட வேலை. நீள்துளையை விளிம்புக் கோட்டோடு சேர்த்து வரைந்தால், அது பூச்சு முடிந்தபின் வெட்டப்பட்டு வெறும் சுவரோடு வந்து சேரும்.

செம்பு அறவே கூடாத நீள்துளையும் உண்டு. சில சார்ஜர்களில் 230 வோல்ட் பக்கத்துக்கும் ஃபோன் பக்கத்துக்கும் நடுவே, சைகையை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோகப்ளருக்கு அடியில் போர்டை நீளவாக்கில் வெட்டியிருப்பார்கள். தூசியும் ஈரமும் படிந்த மேற்பரப்பு வழியாக மின்சாரம் ஊர்ந்து கடக்காமலிருக்க அந்த வெட்டு. பேடின் வகையைத் தவறாகத் தேர்ந்து அதன் சுவருக்குச் செம்பு ஏறிவிட்டால், இரு பக்கத்துக்கும் நடுவே உலோகமே வந்து உட்கார்ந்து, காக்க நினைத்த இடைவெளி சுருங்கிவிடும்.