மார்ச் கடைசியில் மட்டும் வேலை ஏன் இவ்வளவு வேகமா நடக்குது? ஒரே ஊர், மூணு பணப்பை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போய் வருபவரா நீங்கள்? மார்ச் வந்தாலே உங்களுக்கு டார்கெட், ஸ்டாக் கணக்கு, ஆடிட் என்று தலை சுற்றும். பஸ் ஜன்னலுக்கு வெளியே அரசு அலுவலகங்களுக்கும் அதே மார்ச்தான். மாசக்கணக்கில் மனு கொடுத்தும் நகராத வேலை, கடைசி வாரத்தில் ராத்திரியோடு ராத்திரியா முடியும். கேட்டால், "ஃபண்டு திரும்பிப் போயிடும் சார்" என்பார்கள்.

அது என்ன, பணம் திரும்பிப் போவது? வருஷம் முழுக்க இல்லாத வேகம் அப்போது மட்டும் எங்கிருந்து வருது?

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான் நிதியாண்டு. 1867-ல் பிரிட்டிஷ் ஆட்சியில் வந்த வழக்கம் இது. மாநில அரசு செலவு செய்ய, அரசியல் சாசனத்தின் 204-வது பிரிவின்படி சட்டப்பேரவை ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். அந்த அனுமதி ஒரு நிதியாண்டுக்கு மட்டும்தான். மார்ச் 31 இரவோடு, செலவாகாத தொகைக்கான அனுமதி காலாவதி. பணம் எங்கேயும் காணாமல் போகாது, அரசு கஜானாவிலேயே இருக்கும். ஆனால் அந்தத் துறை அதைத் தொட முடியாது. அடுத்த ஆண்டு மறுபடி கேட்டு வாங்க வேண்டும்.

விதியின் நோக்கம் நல்லதுதான். மக்கள் பணத்தை எவ்வளவு எடுக்கலாம் என்று மக்கள் பிரதிநிதிகள் ஆண்டுக்கு ஒருமுறை முடிவு செய்ய வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

அப்போ அவசரம் எங்கே தொடங்குது?

ஒரு கற்பனை உதாரணம் பார்ப்போம். ஒரகடம் பக்கத்துக் கிராமப் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாயில் கழிப்பறை கட்ட பட்ஜெட்டில் இடம் கிடைக்கிறது. அடுத்து அரசாணை, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்று ஃபைல் நகர்கிறது. செப்டம்பர் ஆகிவிட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் அப்போது பள்ளம் தோண்டினால் குளம்தான் கிடைக்கும். ஜனவரியில் பொங்கல் முடிந்து டெண்டர். தமிழ்நாடு டெண்டர் விதிகளின்படி, 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்கு மேல் போனால் 30 நாள். ஒர்க் ஆர்டர் கைக்கு வரும்போது பிப்ரவரி பாதி. மிச்சம் ஆறு வாரம்.

அதனால் மார்ச்சில் நடப்பதெல்லாம் மோசடி என்று சொல்லிவிட முடியாது. மழை விட்ட பிறகு வேலை நடப்பது நம்ம ஊரில் இயல்பு. அந்த ஆறு வாரத்தில் வேலை எப்படி முடிக்கப்படுகிறது என்பதுதான் பிரச்சினை.

வீணாவது எது?

கான்கிரீட்டையே எடுத்துக்கொள்வோம். போட்ட பிறகு குறைந்தது 7 நாள் தண்ணீர் விட்டு கியூரிங் செய்ய வேண்டும். அதன் முழு பலத்தைப் பார்க்கும் க்யூப் டெஸ்ட் 28-வது நாளில் நடக்கும். மார்ச் 27-ல் போட்ட சிமென்ட் ரோட்டுக்கு 31-ல் பில் பாஸானால், கியூரிங்கே முடியவில்லை. டெஸ்ட் ரிசல்ட் வரும்போது ஏப்ரல் மூன்றாம் வாரம் தாண்டியிருக்கும். பணம் போன பிறகு தரம் சரியில்லை என்று தெரிந்து என்ன பயன்?

இன்னொரு வழி, சீக்கிரம் வாங்கக்கூடியதை வாங்குவது. கட்டடம் கட்ட நேரமில்லை, நாற்காலி, பிரின்டர், கம்ப்யூட்டர் வாங்க நேரமிருக்கு. தேவை எது என்பதைக் காலண்டர் முடிவு செய்துவிடுகிறது.

மூன்றாவது வழி, 'பார்க்கிங்'. கருவூலத்திலிருந்து பணத்தை எடுத்து வேறொரு கணக்கில் போட்டு வைப்பது. காகிதத்தில் செலவு, தரையில் ஒரு செங்கல்கூட இல்லை. தணிக்கை அறிக்கைகளில் இந்தப் புகார் புதிதல்ல.

அதிகாரி இடத்தில் நின்று பாருங்கள். பணத்தைச் செலவழிக்காவிட்டால், "ஏன் செலவழிக்கலை?" என்ற கேள்வி ஏப்ரலிலேயே வரும். அடுத்த ஆண்டு ஒதுக்கீடு குறையலாம். அவசரமாகச் செலவழித்தால், தணிக்கைக் குறிப்பு வர ஆண்டுகள் ஆகும். அதற்குள் அவர் வேறு ஊருக்கு மாறியிருப்பார். எது பாதுகாப்பு?

தடுக்க விதியே இல்லையா?

இருக்கு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, ஆண்டின் கடைசி மாதங்களில் செலவை அடித்துத் தள்ளுவதை நிதி ஒழுங்கு மீறலாகவே சொல்கிறது. கடைசி மூன்று மாதத்தில் பட்ஜெட்டில் 33 சதவீதம், மார்ச்சில் மட்டும் 15 சதவீதம் என்று மத்திய நிதி அமைச்சகம் உச்சவரம்பும் வைத்தது. மாதா மாதம் சமமாகச் செலவழித்தால் மார்ச்சின் பங்கு 8 சதவீதம் சொச்சம்தான். ஆக, வரம்பே கிட்டத்தட்ட இரு மடங்கு. ஏப்ரலிலேயே வேலையைத் தொடங்க வசதியாக, 2017 முதல் மத்திய பட்ஜெட் பிப்ரவரி 1-க்கு முன்னே நகர்த்தப்பட்டது.

அதே ஊரில் வேறு விதிகள்

இந்தக் காரிடாரில் இன்னும் இரண்டு பணப்பைகள் இருக்கு.

ஒன்று, எம்.பி. தொகுதி மேம்பாட்டு நிதி. ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். செலவாகாத தொகை காலாவதி ஆகாது, அடுத்த ஆண்டுக்குத் தொடரும்.

இன்னொன்று, நீங்கள் வேலை செய்யும் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணம். கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135-ன்படி, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் மூன்று ஆண்டு சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, பல ஆண்டுத் திட்டத்தில் மிச்சமான பணத்தை, நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். அதை மூன்று நிதியாண்டுக்குள் செலவழிக்கலாம். தவறினால், சட்டம் குறிப்பிடும் பொது நிதிக்குப் போய்விடும்.

இப்போது அந்தப் பள்ளிக்குத் திரும்புவோம். கழிப்பறையைத் துறை கட்டினால் கெடு மார்ச் 31. பக்கத்துத் தொழிற்சாலை பல ஆண்டுத் திட்டமாக எடுத்துக் கட்டினால், வேலை தள்ளிப்போனாலும் மூன்று ஆண்டு அவகாசம். அதே மண், அதே மழை, அதே மேஸ்திரி. கெடு மட்டும் வேற.

கெடுவே இல்லாவிட்டால் சரியாயிடுமா?

அதுவும் ஆகாது. கெடு இல்லாத பணம் தூங்கிவிடும். எம்.பி. நிதி செலவாகாமல் தேங்கி நிற்கிறது என்ற விமர்சனம் தணிக்கையிலேயே வந்திருக்கிறது.

நடுவழி ஒன்று உண்டு என்பதற்கு அமெரிக்காவில் ஆதாரம் கிடைக்கிறது. அங்கே நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடியும். பொருளாதார நிபுணர்கள் ஜெஃப்ரி லீப்மேன், நீல் மஹோனி இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வில், மத்திய அரசுக் கொள்முதல் கடைசி வாரத்தில் மற்ற வாரங்களின் சராசரியைப் போல 4.9 மடங்கு இருந்தது. அந்த வாரத்து ஐ.டி. திட்டங்களின் தர மதிப்பெண்ணும் குறைந்தது. மிச்சப் பணத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக அனுமதி பெற்ற நீதித் துறையில் மட்டும் அந்தச் சரிவு இல்லை.

ஆக, ஒர்க் ஆர்டர் கொடுத்துத் தொடங்கிவிட்ட வேலைக்கு மட்டும், ஒரு கெடுவோடு பணத்தை நீட்டிக்கலாம். தொடங்காத வேலைக்கான பணம் திரும்பிப் போகட்டும். கம்பெனிகளுக்குத் தந்த இந்த ஏற்பாட்டை, பள்ளிக்கூடம் கட்டும் துறைக்கும் தந்தால் என்ன?

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்கள் தெருவில் மார்ச் கடைசியில் ஒரு வேலை நடந்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று தேதிகளைக் கேளுங்கள்: ஒர்க் ஆர்டர் தேதி, எம்-புக்கில் அளவு பதிந்த தேதி, பில் பாஸான தேதி. கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள் அவகாசம். மூன்றும் ஒரே வாரத்தில் இருந்தால் அடுத்த கேள்வி தரப் பரிசோதனை பற்றி.

கிராம ஊராட்சியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகளில் ஒன்று உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ஐ ஒட்டி வருகிறது. ஆண்டு முடிய ஒன்பது நாள் இருக்கும்போது, "நம்ம ஊருக்கு வந்ததில் எவ்வளவு மிச்சம், அதில் என்ன செய்யப் போறீங்க?" என்று நேரில் கேட்கலாம். அதே கேள்வியை நவம்பர் 1 கிராம சபையில் கேட்டால் இன்னும் நல்லது. திட்டமிட அப்போது ஐந்து மாசம் கையில் இருக்கும்.