கடலடியில் உயர்ந்த கரங்கள்

இத்தாலி நாட்டில், ஜெனோவா நகருக்குக் கிழக்கே, போர்த்தோஃபினோ மலைமுனையின் அடிவாரத்தில் சான் ஃப்ருத்துவோசோ என்றொரு சிறு குடா உண்டு. கி.பி. 259-இல் தீயிலிடப்பட்டு உயிர்நீத்த வேதசாட்சியாகிய ஆயர் ஃப்ருத்துவோசுவின் திருப்பண்டங்கள் இங்குக் கொண்டுவரப்பட்டன என்பது மரபு. புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவியர் வாழ்ந்த பழைய மடம் இன்றும் கரையில் நிற்கிறது. மலைவழி நடந்தோ, படகேறியோதான் அங்குச் சேரவேண்டும்.

ஆயினும் அங்கு வருவோர் பலர் மடத்தை நாடி வருவதில்லை. காற்றடைத்த உருளையை முதுகிற் கட்டிக்கொண்டு நீரில் இறங்குகின்றனர். கரையின் செங்குத்துப் பாறை கடலுக்குள்ளும் அவ்வாறே தொடர்கிறது. அதன் நிழற்பக்கங்களில் செம்பவளமும் விசிறி போன்ற பவள இனங்களும் படர்ந்துள்ளன. அருகே, ஏறத்தாழ 17 மீட்டர் ஆழத்தில், திருமுகத்தையும் இரு கரங்களையும் மேல்நோக்கி உயர்த்தியவராய் நம் ஆண்டவர் நிற்கிறார். சுமார் இரண்டரை மீட்டர் உயரமுள்ள வெண்கலச் சுரூபம் அது.

இச்சுரூபத்தின் வரலாறு ஒரு மரணத்தில் தொடங்குகிறது. மூச்சுக் கருவியுடன் மூழ்குவதில் இத்தாலியின் முன்னோடிகளுள் ஒருவரான தாரியோ கொன்ஸாத்தி, 1947-இல் இவ்விடத்தருகே மூழ்கியபோது உயிரிழந்தார். பத்து மீட்டர் இறங்கினாலே நம்மை அழுத்தும் விசை இருமடங்காகிறது. மேலேறும்போது மூச்சை அடக்கினால், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். துணையின்றி இறங்கலாகாது, மூச்சை அடக்கலாகாது, விரைந்து ஏறலாகாது என்று இன்று பயிற்சியின் தொடக்கத்திலேயே கற்பிக்கின்றனர்.

நண்பரை இழந்த துவீலியோ மார்க்காந்தேயின் உள்ளத்தில் உதித்ததே இச்சுரூபம். வடித்தவர் சிற்பி கைதோ கல்லெத்தி. 1954 ஆகஸ்ட் 22-இல் அதனைக் கடலில் இறக்கினர்.

காண்பாரற்ற இடத்தில் சுரூபம் எதற்கு என்று வாசகர் வினவலாம். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். நம் பங்குகளில் கெபி கட்ட நன்கொடை கேட்டால், அது சாலையிலிருந்து தெரியவேண்டும் என்பதுதானே முதல் நிபந்தனை! ஆனால் கடலில் மாண்டோர் பலருக்குக் கல்லறையே இல்லை. நவம்பர் 2-ஆம் நாள் மெழுகுதிரி ஏற்ற அவர்தம் வீட்டாருக்கு ஓர் இடமில்லை. இச்சுரூபத்திற்கான உலோகத்தை நினைத்துப் பாருங்கள்: பழைய கப்பல் மணிகளோடு, கடற்போரில் மாண்ட மைந்தரின் பதக்கங்களையும் தாய்மார் உருக்கக் கொடுத்தனர். அந்தத் தாய்மாருள் எவரும் நீருக்குள் இறங்கி அதனைக் கண்டிருக்கமாட்டார்கள் என்றே எண்ணுகிறோம்.

காலப்போக்கில் உலோகம் அரித்தது. நங்கூரம் ஒன்று பட்டு ஒரு கை முறிந்தது. 2003-இல் மேலே எடுத்துச் செப்பனிட்டு, 2004 ஜூலையில் மீண்டும் கடலடியில் நிறுத்தினர்.

ஆண்டுதோறும் ஜூலை இறுதியில் ஓர் இரவு, அக்கரையில் திருப்பலி நடைபெறுகிறது. கடலில் உயிர்நீத்தோருக்காக மன்றாடுகின்றனர். பின்னர் மூழ்குவோர் விளக்கேந்தி, வாகையிலை வளையமொன்றைச் சுமந்து நீருக்குள் இறங்கி, ஆண்டவரின் பாதத்தில் அதனை வைக்கின்றனர். கரையில் நிற்போருக்குத் தெரிவது இருண்ட நீரின்கீழ் நகரும் அவ்வொளி மட்டுமே.