கடலடியில் பிறந்த இமயம்

பூமியின் மேலோடு ஒரே பாளமல்ல. மெல்ல நகரும் பல தட்டுகளால் ஆனது. அவற்றுள் ஒன்றான இந்தியத் தட்டு, ஒருகாலத்தில் கோண்டுவானா என்னும் தென்பெருங்கண்டத்தில் ஆப்பிரிக்கா, அண்டார்டிகாவோடு ஒட்டியிருந்தது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கரிலிருந்து பிரிந்து வடக்கே நகர்ந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் யுரேசியத் தட்டில் மோதியது. இடையில் இருந்த டெத்திஸ் கடல் மறைந்தது. அதன் அடியில் படிந்திருந்த வண்டலும் பாறையும் மடிப்பு மடிப்பாக எழுந்து இமயமலை ஆயின.

எவரெஸ்ட் உச்சியில் இருப்பது கடலில் உருவான சுண்ணாம்புப் பாறை. நேபாளத்தின் கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமக் கல்லுக்குள் காணும் சக்கரச் சுருள், அம்மோனைட் என்னும் பழங்கடல் உயிரியின் புதைபடிவம். இந்தியத் தட்டு இன்றும் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. இமயப் பகுதியின் நிலநடுக்கங்களுக்கு அந்த நெருக்குதலே காரணம்.