வெள்ளை விரிப்பும் ரேஷன் பதிவேடும்

மின்னல் வெட்டியதும் பாட்டி பதறி எழுந்து, பேரப்பிள்ளைகள் மேல் வெள்ளை விரிப்புகளைப் போர்த்துகிறார். அகிரா குரோசாவா 1991இல் எடுத்த ‘ராப்சடி இன் ஆகஸ்ட்’ படத்தில் வரும் காட்சி இது. நாகசாகிக் குண்டில் கணவரைப் பறிகொடுத்தவர் அவர். 45 ஆண்டு கழிந்தும் வானத்தில் ஒளி பாய்ந்தால் அவருக்கு அது அணுகுண்டுதான். பார்ப்பவருக்குப் பித்தாகத் தெரியும். ஆனால் இயற்பியல் பாட்டியின் பக்கம்! வெப்பக்கதிரை வெள்ளைத் துணி பெருமளவு திருப்பியடிக்கும். கரிய நிறம் உறிஞ்சும். கிமோனோவின் கருநிறக் கோலம் அப்படியே தோலில் சுட்டுப் பதிந்த பெண்ணின் புகைப்படம்கூட உண்டு.

பாட்டியின் அச்சம் பேரப்பிள்ளைகளுக்குப் போவது கதையாலா, ரத்தத்தாலா? ரத்தவழிக் கேள்வியைத்தான் விஞ்ஞானிகள் முதலில் கையில் எடுத்தார்கள். கதிர்வீச்சு பெற்றோரின் மரபணுவைச் சிதைத்தால், பிள்ளைகளிடம் அது தெரிய வேண்டுமே?

ஆனால் அணுகுண்டால் இடிந்த இரு நகரங்களில் பிறக்கும் குழந்தைகளை எப்படிக் கணக்கெடுப்பது? ஜேம்ஸ் நீல், வில்லியம் ஷல் என்ற இரு மரபியலாளர்களுக்கு அரிசித் தட்டுப்பாடு வழிகாட்டியது. போருக்குப் பிந்தைய ஜப்பானில், கர்ப்பிணிகள் ஐந்தாம் மாதத்துக்குமேல் பதிந்துகொண்டால் கூடுதல் ரேஷன் கிடைக்கும். அந்தப் பசியான நாளில் யார் பதியாமல் இருப்பார்? அந்தப் பதிவேட்டையே ஆய்வின் வாசலாக்கினார்கள். 1948 முதல் 1954 வரை சுமார் 77,000 பிரசவங்கள் கணக்கில் வந்தன.

அடுத்த புதிர் இதைவிடக் கடினம். பெற்றோர் ஒவ்வொருவர் உடலிலும் எவ்வளவு கதிர் பாய்ந்தது? குண்டு வெடித்தபோது எங்கே, எந்தச் சுவருக்குப் பின்னால், எந்தப் பக்கம் திரும்பி நின்றீர்கள் என்று ஆளாளாகக் கேட்டார்கள். மரச்சுவர் எவ்வளவு கதிரைத் தடுக்கும் என்றறிய, 1962இல் நெவாடா பாலைவனத்தில் 465 மீட்டர் கோபுரம் எழுப்பி, கவசமில்லாத ஓர் அணு உலையை அதில் ஏற்றினார்கள். கீழே ஜப்பானிய பாணி வீடுகள்! கூரை ஓடும் சாட்சி சொன்னது. கதிர் பட்ட ஓட்டின் தாதுத்துகளைச் சூடாக்கினால், உள்ளே சேர்ந்திருந்த ஆற்றல் மெல்லிய ஒளியாக வெளிவரும். இதற்கு வெப்ப ஒளிர்வு என்று பெயர். ஒளியை அளந்தால் ஓடு வாங்கிய கதிரின் அளவு கிடைத்துவிடும்.

இவ்வளவு பாடுபட்டும், பிறவிக் குறைபாடுகளில் தெளிவான கூடுதல் எதுவும் அன்று அகப்படவில்லை. தாயின் வயிற்றிலேயே கதிர் வாங்கிய சிசுக்கள் வேறு கணக்கு. அவர்களில் சிலருக்கு மூளை வளர்ச்சி குன்றியது. அது அவர்கள் நேரடியாகப் பட்ட அடி, மரபாக வந்ததல்ல. மரபைத் தேடுவது ஏன் இத்தனை கடினம் என்றால், நாம் ஒவ்வொருவரும் எந்தக் குண்டும் இல்லாமலே பெற்றோரிடம் இல்லாத சுமார் 60 புதிய டி.என்.ஏ. எழுத்துப்பிழைகளோடுதான் பிறக்கிறோம். அவற்றுக்கு நடுவே ஒன்றிரண்டு கூடியிருந்தால், கொட்டும் மழையில் கூடுதலாக விழுந்த துளியைத் தேடுவது போலத்தான்.

ரத்தத்துக்கு இன்னொரு வழியும் உண்டு: எழுத்து மாறாமலே மரபணுவின் இயக்கம் மாறலாம். டி.என்.ஏ. மீது ஒட்டும் வேதிக்குறிகள் ஒரு மரபணுவை அடக்கும் அல்லது எழுப்பும். இதைப் படிப்பது மரபுமேலியல். 1944–45 நெதர்லாந்துப் பஞ்சத்தில் கருவானவர்களை அறுபது ஆண்டு கழித்துச் சோதித்தபோது, வளர்ச்சிக்கான ஒரு மரபணுவில் இக்குறிகள் உடன்பிறந்தோரைவிடக் குறைந்திருந்தன. 2013இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வாசனையோடு மின்னதிர்ச்சி வாங்கிய ஆண் எலிகளின் குட்டிகளும் பேரக்குட்டிகளும் அதே வாசனைக்குக் கூடுதலாகத் திடுக்கிட்டன. இதை ஐயுறுவோரும் உண்டு. இருந்தாலும் எலியிடம் ஒரு வசதி: குட்டிக்கு அப்பன் கதை சொல்வதில்லை. மனிதக் குடும்பத்தில் பேச்சையும் மௌனத்தையும் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்க எந்தச் சோதனைக்குழாயும் கிடையாது.

மௌனத்துக்குக் காரணமும் இருந்தது. குண்டுக்குத் தப்பியவர்களின் பிள்ளைகளுக்கு வரன் அமைவதே பாடு; ஆய்வு காணாத கேட்டைச் சம்பந்தி வீட்டார் கண்டார்கள். எனக்கு இந்த மௌனம்தான் கதிர்வீச்சைவிட வலுவான கடத்தியாகத் தோன்றுகிறது. ஆய்வு முடியவில்லை. பழைய புள்ளிவிவரங்களைப் புது முறைகளில் மறுபடி அலசுகிறார்கள். போருக்குப் பின் பிறந்த முதல் பிள்ளைகளுக்கு இப்போது எண்பதை ஒட்டிய வயது. புற்றுநோயும் இதயநோயும் வரும் பருவம் அது. பெற்றோர் வாங்கிய கதிருக்கும் இந்நோய்களுக்கும் தொடர்புண்டா என்ற கணக்கு இனிதான் முழுமையாகும்.