கட்டா, கட்டியா?

லாரி வாசலில் வந்து நின்றபோது, நான் தொங்கு தராசைப் புளியமரக் கிளையில் கட்டிக்கொண்டிருந்தேன். ஓட்டி வந்த தம்பிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"என்னக்கா, வைக்கோலையா நிறுக்கப் போறீங்க? கட்டுன்னா கட்டுதாங்கா."

திருவாரூர்ப் பக்கத்துப் பையன். கட்டு 150 ரூபாய் என்று போனில் பேசி வரவழைத்த சரக்கு. கைக்கு எட்டிய நான்கு கட்டுகளை எடுத்து மாட்டினேன். 16 கிலோ, 14 கிலோ, 11 கிலோ, 19 கிலோ. ஒரே லாரி, ஒரே விலை. 11 கிலோக் கட்டில் கிலோ 13 ரூபாய்க்கு மேல் விழுகிறது. 19 கிலோக் கட்டில் 8 ரூபாய்கூட இல்லை. தம்பி சிரிப்பை நிறுத்திவிட்டு, "19 கிலோ இருக்குதே, பாத்துக்கங்க" என்றான்.

எனக்கும் முதலில் சந்தோஷம்தான். பிறகு அந்தக் கட்டின் நடுவில் முழங்கை வரை கையை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது, காய்ச்சல்காரன் அக்குளைப் போல. வைக்கோலைத் தனியாகப் பிரித்து, களத்தில் இரண்டு நாள் வெயில் காட்டி மறுபடி நிறுத்தேன். பதினாலரை கிலோ. நாலரை கிலோத் தண்ணீரை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன். பிரிக்காமல் கொட்டகையில் அடுக்கியிருந்தால் பூசணம் பிடித்திருக்கும். பூசணம் ஏறிய தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலில்கூடப் பூசணத்தின் நஞ்சு இறங்கும். ஈரக் கட்டுகளை நெருக்கி அடுக்கினால் சூடு ஏறி ஏறித் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு.

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் எங்கள் ஊர். கட்டுத்தரையில் நாலு கலப்பினக் கறவை, ஒரு காங்கேயம் பசு. என் மாமியார் காலத்தில் வைக்கோல் விலைக்கு வாங்கிய வழக்கமே கிடையாது. மானாவாரிச் சோளம் விதைத்து, தட்டை அறுத்துப் போர் போட்டால் அடுத்த மழை வரை அதுதான் தீனி. "தட்டுப் போரு ஒசரத்தப் பாத்துத்தான் பொண்ணு குடுப்பாங்க, அம்மிணி" என்பார் அத்தை. இப்போது சோளம் விதைப்பவர்களை விரல் விட்டு எண்ணலாம். தை, மாசியில் டெல்டாவில் சம்பா அறுவடை முடிந்ததும் அங்கிருந்து வரும் உருளைக் கட்டுகளை நம்பித்தான் எங்கள் மாடுகள் கோடையைத் தாண்டுகின்றன.

அறுவடை இயந்திரம் நெல்லைப் பிரித்துக்கொண்டு வைக்கோலை வயலிலேயே வரிசையாகத் துப்பிவிட்டுப் போகிறது. கையால் அறுத்துக் களத்தில் அடித்த வைக்கோல்போல அது நீளமாக, பிடிக்கு அடங்குவதாக இருக்காது. கசங்கி, ஒடிந்து கிடக்கும். அதை ஆள் வைத்து அள்ளிக் கட்டுப்படியாகாது. டிராக்டர் பின்னால் பேலரை மாட்டி ஓட்டினால் வைக்கோலை வாரி, பாய்போலச் சுருட்டி, கயிறு சுற்றி உருட்டிவிடுகிறது. இந்த மிஷின் இல்லாவிட்டால் நிறைய வைக்கோலை வயலிலேயே எரித்திருப்பார்கள்.

இனி கட்டிக்கு வருகிறேன். உதிரி வைக்கோலை லாரியில் ஏற்றினால் எடை சேர்வதற்குள் உயரம் சேர்ந்துவிடும், காற்றுக்குத்தான் வாடகை. கட்டாகச் சுருட்டினால் காற்று கொஞ்சம் குறையும். தட்டையை அங்குல நீளத்துக்கு நறுக்கி, சிறிது ஈரம் காட்டி, பெரிய அழுத்தத்தில் அச்சுக்குள் தள்ளிச் சதுரக் கட்டியாக்கினால் மிச்சக் காற்றும் போய்விடும். அமெரிக்காவில் குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் காயவைத்து இப்படித்தான் கட்டிகளாக்கி விற்கிறார்கள். ஒன்றேகால் அங்குலச் சதுரம், இரண்டு மூன்று அங்குல நீளம். நம் நாட்டில் வைக்கோலோடு தவிடு, புண்ணாக்கு, வெல்லப்பாகு, தாது உப்பு எல்லாம் கலந்து செங்கல்போல அழுத்தும் முறை இருக்கிறது. ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி, தீவன ஆராய்ச்சி நிறுவனம் இதில் வேலை செய்திருக்கிறது. வறட்சியிலும் வெள்ளத்திலும் தீவனத்தைத் தொலைதூரம் அனுப்ப இது நல்ல வழி. இன்னொரு வசதியும் உண்டு. தொட்டியில் வைக்கோலும் தவிடும் தனித்தனியாகக் கிடந்தால், என் செவலை தவிட்டை மட்டும் நக்கி எடுத்துவிட்டு வைக்கோலைத் தலையால் தள்ளிவிடும். கட்டியில் அந்தச் சாமர்த்தியம் செல்லாது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கோடையில் வைக்கோல் விலை எகிறியது. ஒரு வியாபாரி சின்னச் சின்னக் கட்டிகளை மூட்டையில் கொண்டுவந்தார். கையால் அள்ளலாம், இடம் அடைக்காது, குப்பை இல்லை. வைக்கோலை அடியோடு நிறுத்திவிட்டு மூன்று வாரம் அதையே போட்டேன். மாடுகள் பத்து நிமிஷத்தில் தொட்டியைத் துடைத்துவிட்டு, அடுத்து என்ன என்பதுபோல என்னைப் பார்க்கும். மத்தியானம் படுத்து அசைபோடும் நேரம் குறைந்துபோனது எனக்கு உறைக்கவில்லை. பால் சொசைட்டியில் 4.2 இருந்த கொழுப்பு 3.4க்கு இறங்கியபோதுதான் உறைத்தது. தண்ணீர் கலந்துவிட்டதாக அடுத்த வீட்டுக்காரர் பார்த்த பார்வை வேறு.

கால்நடை மருத்துவர் வந்து மாட்டைத் தொடவேயில்லை. குனிந்து சாணத்தைப் பார்த்தார். கூழாக இருந்தது. பிறகு ஒரு கட்டியை வாளித் தண்ணீரில் போட்டார். அது கரைந்து மாவாகி அடியில் படிந்தது. "இதுல நாரே இல்லீங்கம்மா, எல்லாம் அரைச்ச தூளு" என்றார்.

மாட்டுக்கு நார் என்பது வெறும் வயிற்றை நிரப்பும் சமாச்சாரம் இல்லை. நீளமான நார் முதல் வயிற்றில் மிதந்து உறுத்தினால்தான் மாடு அசைபோடும். அசைபோடும்போது எச்சில் கூடுதலாகச் சுரக்கும். பெரிய மாட்டுக்கு நாளைக்கு மொத்தம் நூறு லிட்டருக்கு மேல் சுரக்கும் அந்த எச்சில்தான் வயிற்றின் புளிப்பை அடக்குகிறது. தூளாகத் தின்றால் அசை குறையும், எச்சில் குறையும், புளிப்பு ஏறும், பாலில் கொழுப்பு இறங்கும். நறுக்கி அழுத்திய கட்டி என்றால் தண்ணீரில் ஊறியதும் அங்குல நீளத் துண்டுகள் பிரிந்து மிதக்கவேண்டும். அன்றிலிருந்து வாளிச் சோதனை இல்லாமல் நான் எந்த மூட்டையையும் வாங்குவதில்லை. கட்டைப் பிரித்தால் கண்ணும் மூக்கும் சொல்லிவிடும். கட்டிக்குள் என்ன போட்டு அழுத்தினார்கள் என்பது அழுத்தியவருக்குத்தான் வெளிச்சம்.

அதற்காகக் கட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடவும் முடியாது. நெல் வைக்கோலில் புரதம் நூற்றுக்கு மூன்று நாலுதான். நல்ல குதிரைமசாலில் பதினாறுக்குக் குறையாது. வைக்கோலை மட்டும் போட்டால் வயிறு நிறையும், மடி நிறையாது. கட்டைச் சுற்றிய கயிறு இன்னொரு தொல்லை. சணலாக இருந்தால் பரவாயில்லை. பிளாஸ்டிக் கயிறு துண்டு துண்டாக வைக்கோலோடு உள்ளே போய், வயிற்றிலேயே தங்கி, பந்தாகச் சுருண்டுகொள்ளும். வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்கவேண்டியிருக்கும். என் வீட்டில் கட்டு பிரிப்பவர்கள் அறுத்த கயிற்றைக் கொட்டகைச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டவேண்டும். இன்று ஒரு கட்டு பிரித்தால் ஆணியில் இன்று ஒரு கயிறு கூடியிருக்கவேண்டும். இல்லாவிட்டால் தொட்டியைக் கிளறித் தேடுவோம். பேரன்கூட எண்ணிப் பார்த்துச் சொல்வான்.

இப்போதைய என் கணக்கு இதுதான். பசுந்தீவனம் இருக்கிற மாதங்களில் அதோடு மாட்டுக்கு மூன்று நாலு கிலோ வைக்கோல். அஞ்சு உருப்படிக்கும் சேர்த்து நாளைக்கு ஒரு கட்டுக்குக் கொஞ்சம் கூட. சோளமும் புல்லும் காய்ந்துபோகும் சித்திரை, வைகாசியில் வைக்கோலைக் குறைக்காமல் மேற்கொண்டு ஆளுக்கு இரண்டு கிலோக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து. வைக்கோலுக்குப் பதிலாக இல்லை, புண்ணாக்குச் செலவில் கொஞ்சத்துக்குப் பதிலாக. இடம் இல்லாத டவுன்காரர்கள், ஒற்றை மாடு வைத்திருப்பவர்கள் கட்டியை இன்னும் கூடுதலாக நம்பலாம். ஆனால் தினம் ஒரு கைப்பிடி நீளத் தட்டாவது தொட்டியில் இருக்கட்டும்.

அந்தத் திருவாரூர்த் தம்பி இந்த மாசியிலும் போன் பண்ணினான். 150 கட்டு சொல்லியிருக்கிறேன். "எடைக்குத்தானேக்கா?" என்று அவனே கேட்டான். எடைக்குத்தான், கையை விட்டுப் பார்த்துவிட்டு.