மண்ணிற் பற்றிய சாயம்



பஞ்சபூதத் தலங்களுள் மண்ணுக்குரியது காஞ்சி மாநகரம். அங்கே ஏகாம்பரநாதர் கோயிலில் இறைவனை மண் வடிவிலேயே வழிபடுகின்றனர். பட்டுக்குப் பெயர் பெற்ற ஊரும் அதுவே. மண்ணையும் பட்டுச் சாயத்தையும் இணைத்து மாணவன் ஒருவன் முன்பு என்னிடம் கேட்ட வினாவே இன்றைய பேச்சுக்குக் காரணம்.

அவன் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. வகுப்பில் எழுந்து, “ஐயா, சாயம் தோய்த்த தண்ணீரைக் கொல்லையில் கொட்டுகிறோம். சில நாளில் நிறம் மறைந்துவிடுகிறது. அந்தச் சாயம் எங்கே போகிறது?” என்று கேட்டான். “மண் உறிஞ்சிக்கொள்கிறது” என்று சொல்லி அமரச் செய்தேன். அது முழு விடையன்று என்பதை நான் உணரப் பல ஆண்டுகள் ஆயின. உறிஞ்சிய மண் அதனை இறுகப் பிடித்திருக்கிறதா, அல்லது மழை வந்ததும் கிணற்று நீரில் விட்டுவிடுமா? அதுவன்றோ அறிய வேண்டுவது!

முதலில் பட்டிழையையே பாருங்கள். இழை புரதத்தால் ஆயது. சில சாயங்கள் மின்கவர்ச்சியால் அதைப் பற்றிநிற்கும்; அவற்றைக் காரநீர் ஓரளவு கழற்றிவிடும். வேறு சில, இழையோடு ரசாயனப் பிணைப்பே பூண்டுவிடும். அவற்றை எளிதிற் பிரிக்க இயலாது. மண்ணிலும் இவ்விரு வகைப் பிடிப்புகளும் உண்டு. மண்ணில் அவ்வாறு பற்றிக்கொள்வதில் பெரும் பங்குடையது மட்கு. அதாவது இலையும் வேரும் சிற்றுயிர்களும் மக்கி உண்டான கருமையான பொருள். நம் பக்கத்துப் பல நிலங்களில் மட்கிலுள்ள கார்பன் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. எனினும் அச்சிறு பங்கு செய்யும் வேலை பெரிது.

நிறம் மறைவதற்கும் காரணம் உண்டு. இக்காலச் சாயங்களில் பல ‘அசோ’ வகையைச் சேர்ந்தவை. இரண்டு நைட்ரஜன் அணுக்கள் கைகோத்த அமைப்பு அவற்றின் நடுவே உள்ளது. காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியாக்கள் அந்தக் கையை அறுத்துவிடுகின்றன. அப்போது நிறம் போய், அனிலீன் இனத்து அமீன்கள் மிஞ்சுகின்றன. அவற்றுட் சில புற்றுநோய் விளைப்பவை. இத்தகைய அமீன்களைத் தரக்கூடிய பல சாயங்களுக்கு நம் அரசு 1997-இல் தடை விதித்ததும் இதனாலேயே. ஆதலின், நிறம் போயிற்று என்பதற்கு நஞ்சு போயிற்று என்று பொருளில்லை.

மண்ணைக் கரைப்பானில் கழுவி, கரைந்து வந்ததை அளப்பது பழைய முறை. வராமல் தங்கியது அழிந்துபோயிற்றா, மட்கோடு பிணைந்து ஒளிந்திருக்கிறதா என்பதை அம்முறை சொல்லாது. அதைச் சொல்லவல்லது ‘அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு’ முறை.

சில அணுக்கருக்கள் நுண்ணிய காந்தங்களைப் போன்றவை. வலிய காந்தத்தினிடையே அவற்றை வைத்து ரேடியோ அலைகளைச் செலுத்தினால், குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணை மட்டும் அவை ஏற்கின்றன. 2.35 டெஸ்லா வலிமையுள்ள காந்தத்தில் ஹைட்ரஜன் கருவுக்கு அது 100 மெகாஹெர்ட்ஸ். நம் பண்பலை ஒலிபரப்பின் எல்லைக்குள் அடங்கும் எண்! அமெரிக்காவில் பிளாக், பர்செல் ஆகியோர் தலைமையிலான இரு குழுக்கள் இதனைத் தனித்தனியே கண்டு 1946-இல் வெளியிட்டன. அவ்விருவரும் 1952-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கருவைச் சூழ்ந்த எலெக்ட்ரான்கள் இந்த எண்ணைச் சிறிதளவு நகர்த்துகின்றன. எனவே அணுவின் அண்டையில் யார் இருக்கிறார் என்பதை அந்நகர்வு காட்டிக்கொடுத்துவிடும். எதில் ஆல்கஹாலின் ஹைட்ரஜன் அணுக்கள் மூன்று தனிக் குறிகளைத் தருவதை 1951-இல் காட்டிய மூவருள் ஒருவர் இந்தியரான தர்மட்டி. பின்னர் அவர் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் இத்துறையை வளர்த்தார்.

மண் திடப்பொருள் ஆதலால் அதன் குறிகள் அகன்று மங்கும். காந்தப்புலத்துக்கு 54.7 பாகை சாய்த்து, வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை மண்ணைச் சுழற்றினால் அவை கூர்மையடைகின்றன. செம்மண்ணிலுள்ள இரும்பும் குறிகளைக் கெடுக்கும். அதனை அமிலத்தால் முன்கூட்டியே நீக்குவர்.

1996-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த தார்ன் என்பவரும் அவர்தம் துணைவரும் அனிலீனை மட்குப் பொருள்களோடு சேர்த்து ஆராய்ந்தனர். இயற்கை நைட்ரஜனில் நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லாத நைட்ரஜன்-15 என்னும் வகையை அந்த அனிலீனில் மிகுதியாக அமைத்திருந்தனர். திருவிழாக் கூட்டத்தில் நம் பிள்ளையை அடையாளங் காணச் சிவப்புச் சட்டை அணிவிப்பது போல. நைட்ரஜனின் குறிகள் இடம்பெயர்ந்திருக்கக் கண்டனர். அனிலீன் வெறுமனே ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மட்கிலுள்ள குவினோன் முதலிய பகுதிகளோடு ரசாயனப் பிணைப்புப் பூண்டிருந்தது.

இம்முறைக்கும் குறை உண்டு. இதன் உணர்திறன் சிறிது. வயலில் நுண்ணிய அளவே உள்ள மாசை இது நேரே காண்பது அரிது. ஆகவேதான் ஆய்வுக்கூடத்தில் அடையாளமிட்டு, கூடுதலாகச் சேர்த்துப் பார்க்கின்றனர். மேலும், பிணைந்தது என்றென்றும் பிணைந்திருக்கும் என்பதில்லை. மட்கும் மெல்ல மெல்லச் சிதைவது. அப்போது பிடித்ததில் ஒரு பகுதியை அது விடவும் கூடும்.

இன்று அந்த மாணவன் என் எதிரில் நின்றால், “தம்பி, ஒரு பகுதி உருமாறி மண்ணோடு பிணைந்தது, ஒரு பகுதி வெறுமனே ஒட்டிநிற்கிறது, அது கிணற்றுக்கு வரலாம். உன் கண்ணுக்கு மறைந்தது மட்டும் உண்மை, ஆகையால் தூய்மை செய்யாத சாயநீரைக் கொல்லையில் கொட்டாதே” என்பேன். மண் பொறுமையுடையதுதான். ஆனால் அதன் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு; அந்த அளவை அறிவது உங்கள் தலைமுறையின் கடமை.